காணாமல்போன ஃபைலின் இடத்தில் நான் வைத்தது

என் மகளுக்கு,

நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்குப் பதினேழு வயது. பன்னிரண்டாம் வகுப்பில் தமிழம்மா கொடுத்த வீட்டுப்பாடம் இது. வெளியூருக்கு வேலைக்குப் போகும் மகளுக்கு ஒரு தாய் எழுதும் கடிதம். அறிவுரை எல்லாம் சொந்த அனுபவத்திலிருந்து வர வேண்டும், தாய் தன் தவறுகளையும் சொல்ல வேண்டும் என்றார். வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளிக்குக் கொடுப்பதற்கு வேறொரு கடிதத்தை மாலையிலேயே எழுதி முடித்துவிட்டேன். அதில் நேரத்துக்குச் சாப்பிடு, பெரியவர்களை மதித்து நட என்று எல்லாம் இருக்கிறது. இதை உனக்காக எழுதுகிறேன். பக்கத்தில் அம்மாவும் தங்கையும் தூங்குகிறார்கள். யாராவது விழித்துக் கேட்டால் வீட்டுப்பாடம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரு மாதமாக நான் சொல்லும் பொய்களில் இதுதான் சின்னது.

உன் தாத்தா, என் அத்தா, சிம்மக்கல்லில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறார். மூன்று கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். கல்லூரி விண்ணப்பம், பென்ஷன் சான்று, பாஸ்போர்ட் போட்டோ, எது வேண்டுமானாலும் எங்கள் கடைக்குத்தான் வருவார்கள். அத்தாவின் மேசையில் ஒரு தட்டு உண்டு. வருகிறவர்கள் தங்கள் காகிதத்தை அதில் வைப்பார்கள். அத்தா பேசிக்கொண்டே மேலே இருப்பதை எடுத்து ஸ்கேன் செய்வார். அது யாருடையது என்று பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை. நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது கையெழுத்துக்காக என் மதிப்பெண் அட்டையை அந்தத் தட்டில் வைத்தேன். அவர் அதையும் ஸ்கேன் செய்து, ஓய்வுபெற்ற ஒருவருடைய பென்ஷன் விண்ணப்பத்தோடு சேர்த்து அனுப்பிவிட்டார். பத்து நாள் கழித்து அந்த மனிதர் கடை வாசலில் வந்து நின்றார்.

"பாய், அறுவத்தெட்டு வயசுல என்னைய ஒம்பதாப்புல சேத்து விட்டுட்டீங்களே. சேத்ததுதான் சேத்தீக, கணக்குல நாப்பத்தொண்ணுதானா எனக்கு?"

கடையே சிரித்தது. அதிகம் சிரித்தது செல்வி அக்கா. அவர் எட்டு வருடமாக எங்கள் கடையில் வேலை பார்த்தார். கொட்டாம்பட்டி பக்கத்துக் கிராமம். அவருடைய அப்பா பிறர் வயலில் கூலிக்குப் போனவர். அந்த வீட்டில் முதலில் டிப்ளமா முடித்தது அக்காதான். தினமும் காலையில் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, அங்கிருந்து டவுன் பஸ் பிடித்துக் கடை திறக்கும் முன்பே வாசலில் நிற்பார். பள்ளி விட்டதும் நான் கடைக்குப் போய் அவர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வேன். கம்ப்யூட்டரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஸ்டூலில் தெரிந்துகொண்டதுதான்.

ஒருநாள் அவர் சொன்னது உனக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு புரோகிராம் தன் வேலையையெல்லாம் தானே செய்துகொள்வதில்லை. படத்தைச் சுருக்க ஒரு ஃபைல், பிரிண்டரிடம் பேச ஒரு ஃபைல் என்று பல புரோகிராம்கள் பொதுவாகக் கடன் வாங்கிக்கொள்ளும் ஃபைல்கள் இருக்கின்றன. டிஎல்எல் என்பார்கள். புரோகிராம் தனக்கு வேண்டிய ஃபைலைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். எங்கே இருக்கிறது என்று முழு முகவரி சொல்லாமல் வெறும் பெயரை மட்டும் சொன்னால், கம்ப்யூட்டர் ஒவ்வொரு ஃபோல்டராகத் தேடும். பெரும்பாலும் முதலில் பார்ப்பது அந்தப் புரோகிராம் இருக்கும் ஃபோல்டரை. அந்தப் பெயரில் எது கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளும். உண்மையான ஃபைல் அடுத்த ஃபோல்டரில் பத்திரமாக இருந்தாலும் அங்கே போய்ப் பார்க்காது.

"ஒங்க அத்தா மாதிரிதான் பாப்பா இதுவும்," என்றார் அக்கா. "மேல இருக்கறத எடுக்கும். யாரு வச்சதுன்னு கேக்காது."

"எனக்குக் கேக்குது," என்றார் அத்தா, ஜெராக்ஸ் மெஷினிலிருந்து திரும்பாமலே.

அதனால் அக்கா கடையில் சில கட்டுப்பாடுகள் வைத்திருந்தார். புரோகிராம்கள் எல்லாம் பூட்டிய ஃபோல்டரில்தான் இருக்கும். அதில் ஒன்றைச் சேர்க்க வேண்டுமென்றால் பாஸ்வேர்டு கேட்கும். அந்த பாஸ்வேர்டு அவரிடம் மட்டும் இருந்தது. தினப்படி வேலைக்கு நாங்கள் எல்லோரும் சாதாரண லாகினில்தான் நுழைய வேண்டும். டவுன்லோட் ஃபோல்டரை ஒவ்வொரு மாலையும் காலி செய்வார். புதிதாக ஏதாவது ஏற்ற வேண்டுமென்றால், அந்த ஃபைலை நேராக டவுன்லோட் ஃபோல்டரிலிருந்து திறக்க மாட்டார். புதிய ஃபோல்டர் ஒன்று உண்டாக்கி, அதில் அதை மட்டும் தனியே வைத்து, தயாரித்தவர்களின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் திறப்பார். பழைய குப்பைக்கு நடுவில் வைத்துத் திறந்தால் அந்தக் குப்பையில் எது ஒட்டிக்கொண்டு உள்ளே வரும் என்று சொல்ல முடியாது என்பார். வாடிக்கையாளர் பென்டிரைவிலிருந்து எதையும் நேராகத் திறக்க விடமாட்டார். அத்தாவுக்கு இதெல்லாம் வீண் வேலை. "நம்ம கடையில நாம நுழையிறதுக்கு நமக்கே பாஸ்வேர்டா," என்பார். அக்கா சிரிப்பார்.

மகளே, இனிமேல் எழுதப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஜூன் மாதம், கல்லூரிச் சேர்க்கை நேரம். கடை வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. அன்று சனிக்கிழமை, எனக்குப் பள்ளி இல்லை. அக்கா விடுப்பு. அவரைப் பெண் பார்க்க மேலூரிலிருந்து வருவதாக இருந்தது. முப்பது வயதுக்குப் பிறகு அமைந்த சம்பந்தம் என்று அத்தாவே மல்லிகைப்பூ வாங்கிக் கொடுத்து முந்தின நாள் சீக்கிரம் அனுப்பி வைத்தார். அக்கா இல்லாத அன்று பதினொரு மணிக்கு போட்டோ புரோகிராம் நின்றுவிட்டது. ஒரு டிஎல்எல் பெயரைச் சொல்லி, அதைக் காணவில்லை, திறக்க முடியாது என்று ஒரு சின்னக் கட்டம் வந்தது. எத்தனை தடவை மூடித் திறந்தாலும் அதே கட்டம். போட்டோவுக்குப் பன்னிரண்டு பேர் நின்றார்கள்.

"என்னண்ணே, காலேஜ் மூடுறதுக்குள்ள கெடைக்குமா?" என்று ஒருவர் கேட்டார்.

"பத்து நிமிசம் மாப்ள. டீ சாப்புட்டு வாங்க."

"மூணு டீ ஆச்சுண்ணே. இனி குடிச்சா போட்டோவுல நானும் டீக் கலர்லதான் இருப்பேன்."

அத்தா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது கோபம் இல்லை, நம்பிக்கை. அதை என்னால் தாங்க முடியவில்லை. இந்த மாதிரிக் கட்டம் வந்தால் எங்கள் தெருவில் எல்லாக் கடைகளிலும் ஒன்றுதான் செய்வார்கள். அந்த ஃபைல் பெயரை அப்படியே இணையத்தில் தேடி, இலவசமாகக் கொடுக்கிற ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கி, புரோகிராமின் ஃபோல்டரில் ஒட்டிவிடுவார்கள். அதற்கு ரிப்பேர் என்று பெயர். அக்கா ஒருபோதும் அதைச் செய்ததில்லை. காணவில்லை என்று சொன்னால், தயாரித்தவர்களுடைய இடத்திலிருந்து முழுப் புரோகிராமையும் மறுபடி ஏற்றுவார். அதற்கு ஒரு மணி நேரம் ஆகும்.

நான் தேடினேன். முதலில் வந்த தளத்திலேயே அதே பெயரில் ஃபைல் இருந்தது. இறக்கினேன். ஆன்ட்டிவைரஸ் மூலையில் ஏதோ ஒரு மஞ்சள் எச்சரிக்கை காட்டியது, படிக்காமல் மூடினேன். ஃபோல்டரில் ஒட்டப் போனபோது பாஸ்வேர்டு கேட்டது. அக்கா எனக்கு அதைச் சொன்னதே இல்லை. ஆனால் இரண்டு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து அவர் விரல்கள் போகிற வழியைப் பார்த்தவள் நான். என் விரல்களும் அதே வழியில் போயின. கட்டம் மறைந்தது. புரோகிராம் திறந்தது.

"சரியாயிருச்சு அத்தா."

எப்படி என்று அவர் கேட்கவில்லை. வரிசையைப் பார்த்து, "எம்மக இருக்கையில எனக்கு எதுக்குய்யா மெக்கானிக்கு," என்றார். பன்னிரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். இன்று வரை என் வாழ்க்கையில் அதைவிடப் பெருமையான நேரம் இருந்ததில்லை. அதனால்தான் அக்காவிடம் மறுநாள் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பெருமை குறைந்துவிடும் என்று நினைத்தேன்.

அந்த ஃபைல், காணாமல்போன ஃபைல் செய்ய வேண்டிய வேலையைச் சரியாகவே செய்தது. அதோடு இன்னொரு வேலையும் செய்தது. போட்டோ புரோகிராம் திறக்கும்போதெல்லாம் அதுவும் திறந்து, நாங்கள் ஸ்கேன் செய்து வைத்திருந்த ஆதார் அட்டைகள், விண்ணப்பங்கள், சான்றிதழ்கள், படங்கள் எல்லாவற்றையும் எங்கேயோ அனுப்பிக்கொண்டே இருந்தது. எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆறு வாரம் கழித்து ஒரு இளைஞர் கடைக்குள் வந்து மேசையில் தன் போனை வைத்தார். நர்சிங் விண்ணப்பத்துக்காக எங்களிடம் படம் எடுத்த அவருடைய தங்கையின் முகம் அதில் இருந்தது. எங்கள் கடையின் நீலத் துணிதான் பின்னால். கீழே அவளுடைய போன் நம்பர். மேலே எழுதியிருந்ததை நான் இங்கே எழுத மாட்டேன்.

"ராத்திரி பகல்னு இல்ல பாய், கண்டவனும் கூப்புடுறான்," என்றார் அவர். அவர் கத்தவில்லை. "அது சாப்புட்டு ரெண்டு நாளாச்சு. காலேஜும் வேணாம் ஒண்ணும் வேணாங்குது. ஒங்க கடையத் தவிர அந்தப் போட்டோ எங்கயும் இல்ல."

அவரைத் தொடர்ந்து இன்னும் நான்கு பேர் வந்தார்கள். வேறு யாரோ அவர்கள் பெயரில் சிம் கார்டு வாங்கியிருந்தார்கள். அத்தா ஒரு சர்வீஸ்காரரைக் கூப்பிட்டார். அவர் அரை மணி நேரத்தில் அந்த ஃபைலைக் கண்டுபிடித்துவிட்டார். "இது தானா வந்தது இல்ல பாய். பூட்டுன ஃபோல்டருக்குள்ள இருக்கு. பாஸ்வேர்டு போட்டுத்தான் யாரோ வச்சிருக்காங்க. பாஸ்வேர்டு யார்ட்ட இருக்கு?"

அத்தா அக்காவைப் பார்த்தார். அக்கா திரையைப் பார்த்தார். நான் வாசலைப் பார்த்தேன்.

அந்த ஃபைலை எப்போது அங்கே வைத்தார்கள் என்ற தேதி அதிலேயே இருந்திருக்கும். அதைப் பார்த்திருந்தால், அன்று அக்கா கொட்டாம்பட்டியில் மாப்பிள்ளை வீட்டாருக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்தார் என்பது அத்தாவுக்கே தெரிந்திருக்கும். சர்வீஸ்காரர் பார்க்கவில்லை. அத்தா பயந்துபோய், "எல்லாத்தையும் அழிச்சிருங்க, மூணையும் அழிச்சிருங்க," என்றார். சாயங்காலத்துக்குள் மூன்று கம்ப்யூட்டரும் புதிதாகிவிட்டன. அந்தத் தேதியும் போய்விட்டது. இப்போது அது இருக்கிற ஒரே இடம் என் வாய்.

அக்காவை அன்றே போகச் சொல்லிவிட்டார் அத்தா. "நான் யாருக்கும் பாஸ்வேர்டு சொல்லல பாய்," என்று மட்டும் அக்கா சொன்னார். வாசலில் செருப்பு மாட்டும்போது நான் அருகில் நின்றேன். குனிந்தபடியே, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"பாப்பா, நான் லீவு போட்டன்னைக்கு எதும் புதுசாப் போட்டீங்களா?"

"இல்லக்கா."

"சரி."

அவ்வளவுதான். நிமிர்ந்து ஒரு தடவை என்னைப் பார்த்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் போனார். அந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று ஒவ்வொரு நாளும் யோசிக்கிறேன். அவருக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். தெரிந்தும் என் பெயரைச் சொல்லவில்லை.

நான் ஏன் வாய் திறக்கவில்லை என்று நீ கேட்பாய். முதலில் அத்தாவின் கோபத்துக்குப் பயந்தேன். பிறகு அதைவிடப் பெரிய பயம் வந்தது. பன்னிரண்டு முடித்ததும் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்க வேண்டும் என்று இருக்கிறேன். அத்தாவின் அண்ணன், என் பெரியத்தாவுக்கு, அதில் விருப்பம் இல்லை. இந்தப் பிரச்சினை வந்த அன்றே வீட்டுக்கு வந்து, "பாத்தியா, பொம்பளப்புள்ளைக கையில மெஷினக் குடுத்தா இதான்," என்றார். அத்தா, "அது வேற, எம்மக வேற," என்றார். அந்த இரண்டு வார்த்தையின் மேல்தான் என் படிப்பு நிற்கிறது. கடையில் நான் ரிப்பேர் செய்த நாள் அத்தாவுக்கு நினைவில் இல்லையா, இல்லை, நினைத்துப் பார்க்க அவருக்கும் பயமா என்று எனக்குத் தெரியவில்லை.

இன்று மாலை அக்காவின் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. துண்டைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றார்.

"எட்டு வருசமா வந்து போன புள்ள பாய். ஒரு பேனாவக்கூட ஒங்களுதுன்னு வீட்டுக்கு எடுத்தாந்ததில்ல. மேலூர்க்காரவுக கொஞ்ச நாள் போகட்டும்னு சொல்லிட்டாக. எம்புட்டு நாளுன்னு நான் கேக்கல. கேட்டு என்ன செய்ய."

"நான் என்னண்ணே பண்ண முடியும்? அந்தப் பொண்ணு வீட்ல ஸ்டேஷனுக்குப் போவேங்கறாங்க. நான் முந்திக்கிறலைன்னா கடைய சீல் வச்சிருவாங்க. நாளைக்குக் காலைல எழுதிக் குடுக்கத்தான் போறேன்."

"எம்புள்ள பேரப் போட்டா?"

அத்தா உள்பக்கம் திரும்பி டீ கேட்டார். அம்மா என்னிடம் டீ கொடுத்தனுப்பினார். அக்காவின் அப்பா வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். "நீதான் பாப்பாவா? நல்லாப் படி தாயி. வீட்டுல எந்நேரமும் ஒன்னையப் பத்தித்தான் பேசும்." டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டுப் போனார். அந்த டம்ளரை நான்தான் கழுவினேன்.

அறிவுரை எழுத வேண்டும் என்றார் தமிழம்மா. எழுதுகிறேன். நீ எந்த ஊருக்கு வேலைக்குப் போனாலும், யாரோ ஒருவர் கொடுக்கும் ஃபைலை அதன் பெயரைப் பார்த்து மட்டும் உள்ளே விடாதே. பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அது எங்கிருந்து வந்தது, யார் கையெழுத்துப் போட்டது என்று பார். அக்கா செய்ததையெல்லாம் செய், அது எவ்வளவு தாமதமானாலும். ஒருவேளை நீ புரோகிராம் எழுதுகிறவளாக ஆனால், வேண்டிய ஃபைலை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடாதே. எந்த இடத்தில் இருக்கிறது என்று முழு முகவரியும் எழுது, வேறெங்கும் தேடாதே என்றும் எழுது. அங்கே இல்லையென்றால் உன் புரோகிராம் நின்றுவிடட்டும். அந்த ஜூன் மாதக் காலையில் வந்த சின்னக் கட்டம் ஒரு தவறும் செய்யவில்லை. என்னிடம் இல்லை, அதனால் நிற்கிறேன் என்று உண்மையைத்தான் சொன்னது. பன்னிரண்டு பேர் முன்னால் நிற்பதற்கு வெட்கப்பட்டவள் நான்தான். அன்று அந்த மெஷின் ஒரு மணி நேரம் நின்றிருந்தால் ஒரு பெண் கல்லூரிக்குப் போயிருப்பாள். இன்னொரு பெண்ணுக்குக் கல்யாணம் ஆகியிருக்கும்.

நான் சொல்லிவிட்டாலும் எதுவும் சரியாகப் போவதில்லை என்பதும் எனக்குத் தெரிகிறது. அந்தப் படம் எத்தனை போனில் இருக்கிறதோ, அதை யாராலும் அழிக்க முடியாது. மேலூர்க்காரர்கள் திரும்பி வரமாட்டார்கள். அக்கா மறுபடி எங்கள் கடைப் படி ஏறுவார் என்று எனக்குத் தோன்றவில்லை. என் படிப்பும் போய்விடும். நீ இதைப் படிக்கிற வயதில் உன் அம்மா கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவளாக இருக்க மாட்டாள். அவள் யார் என்றுகூட எனக்கு இப்போது தெரியவில்லை.

விடியப்போகிறது. குழாய்ச் சத்தம் கேட்டது. அத்தா எழுந்து, தொழுகைக்காகக் கைகால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டு இந்த அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, இன்னும் தூங்கலயா?"

"வீட்டுப்பாடம் அத்தா."

"உடம்பு என்னத்துக்கு ஆகும். படுத்துக்க. பள்ளிவாசலுக்குப் போயிட்டு வாரேன். வந்து அந்த மனுவ ஒருதடவ படிச்சுப் பாக்கணும்."

படியிறங்கும் சத்தம் தேய்ந்துவிட்டது. அவர் தொழுகை முடித்து வர அரை மணி நேரம்கூட ஆகாது. அத்தா எழுதிய மனு நீல ஃபைலில், ஃபிரிட்ஜின் மேல் இருக்கிறது. இப்போது எடுத்துப் பார்த்தேன். இரண்டாவது வரியிலேயே செல்வி அக்காவின் பெயர்.

மகளே, இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்காது. நோட்டிலிருந்து இந்தத் தாள்களைக் கிழித்து அந்த நீல ஃபைலில் மனுவுக்கு மேலே வைக்கப்போகிறேன். அத்தா வந்ததும் மேலே இருப்பதைத்தான் எடுப்பார். யார் வைத்தது என்று பார்க்க மாட்டார். அதனால் கடைசித் தாளின் கீழே என் முழுப்பெயரை எழுதி, கையெழுத்தும் போடுகிறேன்.